கழலையும் உப்பும்

தைராய்டு சுரப்பி கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, மூச்சுக்குழலைக் கட்டிக்கொண்டாற்போல் அமைந்திருக்கிறது. இருபுறமும் இரண்டு மடல்கள், நடுவில் அவற்றை இணைக்கும் ஒரு சிறு பட்டை, எடை ஏறத்தாழ 20 கிராம். நாளமில்லாச் சுரப்பிகளில் பெரும்பாலானவை மண்டைக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ மறைந்து கிடப்பவை. தைராய்டு அப்படியல்ல, வீங்கினால் எதிரே வருபவர் கண்ணிலேயே படும். அதனால் இதன் நோயை மனிதர்கள் ஈராயிரம் ஆண்டுகளாக அறிந்திருந்தார்கள். இதன் வேலை என்ன என்பதுதான் 1880-கள் வரை புதிராகவே இருந்தது.

இதற்குப் பெயர் வைத்தவர் லண்டன் மருத்துவர் தாமஸ் வார்ட்டன். உடலின் சுரப்பிகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1656-இல் வெளிவந்தது. குரல்வளையின் குருத்தெலும்பு கிரேக்கரின் கேடயம் போலிருந்ததால் அதையொட்டிய சுரப்பிக்கும் அந்தப் பெயர் வந்தது. தமிழில் வழங்கும் 'கேடயச் சுரப்பி' என்ற கலைச்சொல்லும் அதன் வழி வந்ததே. தாடைக்கடியில் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் நாளத்தைக் கண்டுபிடித்தவரும் வார்ட்டன்தான். சுரப்பி என்றால் நாளம் இருக்க வேண்டும், நாளம் வழியாக ஏதாவது வடிய வேண்டும் என்பது அக்கால அறிவு. தைராய்டில் நாளம் எதையும் காணோம். எனவே, கழுத்துக்கு, குறிப்பாகப் பெண்களின் கழுத்துக்கு, உருண்டு திரண்ட அழகைத் தருவதும் இதன் பயன்களில் ஒன்று என்று எழுதிவைத்தார். கண்ணுக்குத் தெரிந்ததை வைத்துச் சொன்னதால் அவரைக் குறை கூறுவதற்கில்லை. அடுத்த இருநூறு ஆண்டுகளில் பிறரும் இதைவிட அதிகமாகச் சொல்லிவிடவில்லை.

கழலை எனப்படும் தைராய்டு வீக்கத்துக்கு மருந்து மட்டும் அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. 4-ஆம் நூற்றாண்டுச் சீன மருத்துவர் கே ஹோங் கடற்பாசியை மதுவில் ஊறவைத்துக் கொடுக்கச் சொன்னார். 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் சலேர்னோ மருத்துவப் பள்ளியில் கடற்பஞ்சைச் சுட்டுச் சாம்பலாக்கிக் கொடுத்தார்கள். ஏன் கேட்கிறது என்று தெரியாது, கேட்டது, அவ்வளவுதான். நோய்க்குக் காரணமாகப் பெரும்பாலும் தண்ணீரையே சொன்னார்கள். மத்திய ஆசியாவின் யார்க்கந்தில் கழுத்து வீங்கியவர்களைப் பார்த்த மார்கோ போலோவும் தண்ணீரைத்தான் பழித்தார். ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் கழலை அவ்வளவு சாதாரணம். அங்கே அதைக் கண்டு யாரும் வியப்பதில்லை என்ற பேச்சு ரோமானியக் கவிஞர் ஜுவனலின் காலத்திலேயே இருந்தது.

ஆல்ப்ஸில் கழலையோடு இன்னொரு கொடுமையும் சேர்ந்திருந்தது. கழலை மிகுந்த ஊர்களில் சில குழந்தைகள் வளர்ச்சி குன்றி, காது கேளாமல், பேச்சு வராமல், மூளை வளர்ச்சியின்றிப் பிறந்தார்கள். இவர்களை 'கிரெட்டின்' என்றார்கள். கிறிஸ்தவர் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் மலைவட்டார வடிவம் அது. இதுவும் மனிதப் பிறவிதான் என்ற இரக்கத்தில் பிறந்த சொல் என்பார்கள். பின்னாளில் அது வசைச்சொல்லாகிப்போனது.

1811-இல் பிரான்சில் பெர்னார் கூர்த்வா என்ற வெடியுப்பு உற்பத்தியாளர், கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தை அளவுக்கு மீறி ஊற்றியபோது ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த இடத்தில் கரும்படிகமாகப் படிந்தது. ஊதாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்கு 'அயோடின்' என்று பெயர் வந்தது. ஜெனீவா மருத்துவர் ழான் பிரான்சுவா கூவாந்தே, சுட்ட கடற்பஞ்சில் வேலை செய்வதும் இதே பொருளாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகித்து, 1820-இல் அயோடின் கரைசலைக் கழலை நோயாளிகளுக்குக் கொடுத்தார். கழலைகள் சுருங்கின. செய்தி பரவியதும் ஆளாளுக்குத் தாமாகவே வாங்கிக் குடிக்கத் தொடங்கினார்கள். அளவு மிஞ்சியது, நெஞ்சு படபடத்து, உடல் இளைத்து, கை நடுங்கிப் பலர் நோயாளிகளானார்கள். அயோடினுக்கு நஞ்சு என்ற கெட்ட பெயர் ஏற்பட்டது. மருந்து சரி, அளவு தவறு என்பதை உணர்ந்து திருத்திக்கொள்ள ஒரு நூற்றாண்டு ஆனது.

அந்த நூற்றாண்டுக்குள்ளேயே சரியான விடையை இருவர் சொல்லியிருந்தார்கள். தென் அமெரிக்காவின் ஆந்தியோக்கியா பகுதியில் குறிப்பிட்ட சில உப்பு ஊற்றுகளின் உப்பைச் சாப்பிடும் ஊர்களில் கழலை இல்லை என்பதைக் கவனித்த பிரெஞ்சு வேதியியலர் பூசெங்கோ, அந்த உப்பில் அயோடின் இருப்பதைக் கண்டு, அதையே மற்ற ஊர்களுக்கும் வழங்கலாம் என்று 1830-களில் எழுதினார். பாரிஸில் அடோல்ஃப் ஷாத்தென் 1850-களில் ஊர் ஊராகத் தண்ணீரையும் மண்ணையும் சோதித்து, அயோடின் குறைந்த இடத்தில்தான் கழலை மிகுந்திருக்கிறது என்றார். பிரெஞ்சு அறிவியல் கழகம் ஏற்கவில்லை. ஒரு நோய், ஏதோ ஒன்று உள்ளே நுழைவதால் வரும் என்பதை நம்பினார்கள். ஏதோ ஒன்று இல்லாததால் வரும் என்பது அன்றைய மருத்துவத்தின் புத்திக்கு எட்டவில்லை.

சுரப்பியின் வேலையைக் கடைசியில் வெளிப்படுத்தியது அறுவை மருத்துவர்களின் கத்தி. அதுவும் அவர்கள் எதிர்பாராத விதத்தில்.

தைராய்டுக்கு ரத்த ஓட்டம் மிக அதிகம். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கழலையை அறுப்பது கொலைக்குச் சமமாகக் கருதப்பட்டது. ரத்தம் பெருகியோ புண் சீழ்பிடித்தோ நோயாளிகள் இறந்தார்கள். மயக்க மருந்தும் கிருமிநீக்கமும் வந்த பிறகு நிலைமை மாறியது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் 1872-இல் பேராசிரியரான தியோடர் கோக்கர் அந்த மாற்றத்தின் தலைமகன். கழலை நாட்டின் நடுவில் இருந்த அவருக்கு நோயாளிகளுக்குப் பஞ்சமில்லை. பொறுமையாக, ஒவ்வொரு ரத்தக் குழாயையும் பிடித்துக் கட்டி, ரத்தம் சிந்தாமல் அறுப்பது அவர் முறை. அவ்வளவு சுத்தமாக அறுக்க முடிந்ததாலேயே, கழலை திரும்ப வராதிருக்கச் சுரப்பி முழுவதையும் எடுத்துவிடத் துணிந்தார். அதனால் ஒரு தீங்கும் இருக்காது என்பது எல்லாருடைய நம்பிக்கை.

1874-இல் அவர் முழுச் சுரப்பியையும் எடுத்த நோயாளிகளில் 11 வயதுச் சிறுமி ஒருத்தியும் இருந்தாள். காயம் நன்றாக ஆறி வீடு திரும்பினாள். சில மாதங்களில் அவளுடைய போக்கு மாறிவிட்டதாக உள்ளூர் மருத்துவர் கோக்கருக்குத் தெரிவித்தார். துறுதுறுவென்றிருந்த பிள்ளை மந்தமாகி, முகம் ஊதி, வளர்ச்சி நின்றுபோனாள். பின்னாளில் எடுக்கப்பட்ட புகைப்படத்தில் அவளைவிட இளைய தங்கை வளர்ந்து நிற்க, அக்கா குள்ளமாக அருகில் நிற்கிறாள். கோக்கர் அப்போதைக்கு இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1882-இல் ஜெனீவாவின் அறுவை மருத்துவர் ழாக் லூயி ரெவெர்தென், தம் நோயாளிகளிடமும் இதே மாற்றங்களைக் கண்டதாகச் சொன்னபோதுதான் அவருக்கு உறைத்தது. முழுச் சுரப்பியும் எடுக்கப்பட்டவர்களை மறுபடி வரவழைத்தார். வந்த 18 பேரில் 16 பேருக்கு அதே நிலை: களைப்பு, குளிர் தாங்காமை, தடித்த தோல், உதிரும் முடி, இழுத்து இழுத்துப் பேசும் பேச்சு.

1883-இல் பெர்லினில் கூடிய அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் இதைக் கோக்கர் தாமே எழுந்து சொன்னார். புற்றுநோய் அல்லாத கழலைக்கு இனி முழுச் சுரப்பியை எடுப்பதில்லை என்றும் முடிவுசெய்தார். தம் புகழின் உச்சத்தில் இருந்த ஒருவர் தம் கையால் நேர்ந்த கேட்டை எண்ணிக்கையோடு சபையில் வைத்தது மருத்துவ வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைக்காதது. ஆனால் காரணத்தை அவர் தவறாகப் புரிந்துகொண்டார். மூச்சுக்குழல் சுருங்கியதால் இப்படி ஆகிறது என்றே எண்ணினார். லண்டனில் பெலிக்ஸ் செமன் என்ற தொண்டை மருத்துவர் மூன்று நோய்களை ஒரு கயிற்றில் கட்டினார். ஆல்ப்ஸின் கிரெட்டினிசம், நடுவயதுப் பெண்களிடம் இங்கிலாந்து மருத்துவர்கள் கண்டு 'மிக்ஸிடீமா' என்று பெயரிட்டிருந்த மந்த வீக்கம், கோக்கரின் நோயாளிகளுக்கு வந்தது ஆகிய மூன்றும் தைராய்டு இல்லாமையின் விளைவே என்றார் அவர். கேட்டவர்கள் நம்பவில்லை. ஆராய அமைத்த குழு 1888-இல் செமன் சொன்னதே சரி என்று அறிக்கை தந்தது.

வியன்னாவின் அறுவை மருத்துவர் பில்ரோத்தும் இதே காலத்தில் கழலைகளை அறுத்துக்கொண்டிருந்தார். அவருடைய நோயாளிகளில் சிலருக்கு வந்தது வேறு: கை விரல்கள் மடங்கி விறைத்து, உடல் வெட்டி இழுத்தது. இந்த வேறுபாட்டுக்கு அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் பின்னர் சொன்ன விளக்கம் சுவையானது. கோக்கர் நிதானமாக அறுத்துத் தைராய்டை மட்டும் முழுமையாக எடுத்தார். பில்ரோத் வேகமாக அறுத்துத் தைராய்டில் கொஞ்சம் விட்டுவிட்டு, அதன் பின்புறம் ஒட்டியிருந்த வேறெதையோ சேர்த்து எடுத்துவிட்டார். அந்த வேறெதோதான் பாராதைராய்டு. அரிசி மணி அளவில் நான்கு சுரப்பிகள். ரத்தத்தில் கால்சியத்தின் அளவைக் காப்பவை. லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1849-இல் இறந்த இந்தியக் காண்டாமிருகத்தை அறுத்துப் பார்த்தபோது ரிச்சர்ட் ஓவன் அவற்றை முதலில் கண்டு குறித்தார். மனிதரிடம் கண்டு 1880-இல் விரிவாக எழுதியவர் ஸ்வீடனின் உப்சாலாவில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம். இரண்டையும் யாரும் கண்டுகொள்ளவில்லை. சுரப்பி இழக்கப்பட்ட பிறகே அதன் அருமை தெரிந்தது, இங்கேயும்.

இல்லாததைக் கொடுத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி. நியூகாசிலின் இளம் மருத்துவர் ஜார்ஜ் மர்ரே 1891-இல் ஆட்டுத் தைராய்டின் சாற்றை 46 வயதுப் பெண் ஒருவருக்கு ஊசியால் செலுத்தினார். சில மாதங்களில் முகவீக்கம் வடிந்து, பேச்சு தெளிந்து, அவர் பழைய மனுஷியானார். மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்து 1919-இல் இறந்தார். அதுவரை அவருக்காகச் செலவான ஆடுகள் 870-க்கும் மேல். அடுத்த ஆண்டே ஊசி தேவையில்லை, தின்றாலே போதும் என்று கண்டுகொண்டார்கள். ஆட்டுத் தைராய்டை லேசாக வறுத்துக் கொத்தி, பழக்கூழோடு வாரம் ஒருமுறை சாப்பிடச் சொன்ன மருத்துவர் உண்டு. தைராய்டு ஹார்மோன் சிறிய மூலக்கூறு. வயிற்றின் செரிமானத்தைத் தாங்கும். புரதமான இன்சுலினுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1922-இல் வந்த நாள்முதல் அது பெரும்பாலும் ஊசி வழியாகவே கொடுக்கப்படுகிறது.

வேதியியல் மெல்லத்தான் வந்து சேர்ந்தது. ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் பௌமான் 1895-இல் தைராய்டில் அயோடின் இருப்பதைக் கண்டார். ஷாத்தென் பேச்சு அப்போதுதான் மறுபடி நினைவுக்கு வந்தது. 'ஹார்மோன்' என்ற சொல்லை 1905-இல் உடலியங்கியல் அறிஞர் ஸ்டார்லிங் வழங்கினார். நாளம் இல்லாத சுரப்பிகள் நேராக ரத்தத்தில் செய்தியை விடுகின்றன என்ற கருத்துக்கு ஒரு பெயர் கிடைத்தது. மயோ மருத்துவ மையத்தில் கெண்டல் 1914-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தைராக்ஸினைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். 1909-இல் கோக்கருக்கு நோபல் பரிசு கிடைத்திருந்தது. அறுவை மருத்துவர் ஒருவருக்குக் கிடைத்த முதல் நோபல்.

இவற்றிலிருந்து தெளிந்த சித்திரம் இது. தைராக்ஸின் மூலக்கூறு ஒன்றில் நான்கு அயோடின் அணுக்கள். அதில் ஒன்று கழன்றால் இன்னும் வீரியமான வடிவம். உடலின் செல்கள் எவ்வளவு வேகமாக எரிபொருளைச் செலவழிக்க வேண்டும் என்பதை இந்த ஹார்மோன் வகுக்கிறது. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் மூளையும் எலும்பும் வளர இது இன்றியமையாதது; இது குறைந்தால் தலைப்பிரட்டைகூடத் தவளையாக மாறாது. ரத்தத்தில் தைராக்ஸின் குறையும்போது மூளைக்கடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி ஒரு தூண்டு ஹார்மோனை அனுப்பித் தைராய்டை விரட்டுகிறது. அயோடின் கிடைக்காத தைராய்டு, இருக்கிற கொஞ்சத்தையும் விடாமல் பிடிக்கத் தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. கழலை என்பது அந்தப் பெருக்கம். வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவை 150 மைக்ரோகிராம் அயோடின். எழுபது ஆண்டுகளுக்குக் கணக்கிட்டாலும் நான்கு கிராமைத் தாண்டாது. பனியாறுகள் அரித்தும் மழையும் வெள்ளமும் கழுவியும் போன மலைமண்ணில் அதுகூட இல்லை.

இவ்வளவு சிறிய அளவை ஊர் முழுவதற்கும் எப்படிச் சேர்ப்பது? அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் டேவிட் மரைன், அக்ரான் நகரப் பள்ளி மாணவிகளிடம் 1917 முதல் சோதித்தார். சோடியம் அயோடைடு உட்கொண்ட 2,190 பேரில் ஐந்தே பேருக்குக் கழலை வந்தது; உட்கொள்ளாத 2,305 பேரில் 495 பேருக்கு வந்தது. சுவிட்சர்லாந்தின் வலே மலைப்பகுதியில் மருத்துவர் ஒட்டோ பாயார், சமையல் உப்பில் மிகச் சிறிதளவு அயோடைடைக் கலந்து கிரெச்சன் என்ற மலையூரின் குடும்பங்களுக்கு 1918-இல் கொடுத்துப் பார்த்தார். உப்பைத் தேர்ந்தெடுத்தது அபாரமான யோசனை. ஏழையும் பணக்காரனும் ஏறக்குறைய ஒரே அளவில், நாள் தவறாமல் உண்ணும் பொருள் வேறில்லை. மிகுதியாகத் தின்னவும் முடியாது. ஹெரிசாவ் மருத்துவர் ஹன்ஸ் எகென்பெர்கர் மக்களிடையே பிரசாரம் செய்ததன் பயனாக, 1922-இல் அப்பென்செல் புறமாநிலத்தில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது. சுவிட்சர்லாந்தில் உப்பு விற்பனை மாநில அரசுகளின் ஏகபோகம் என்பதும் கைகொடுத்தது.

எதிர்ப்பும் இருந்தது. ஆராவ் நகரின் அறுவை மருத்துவர் ஆய்கன் பிர்ஹர், கழலை தொற்றால் வருவது என்று கடைசிவரை வாதாடினார்; அயோடின் நஞ்சாகும் என்று அஞ்சினார். அந்த அச்சம் முழுக்க வெற்றுப்பேச்சு அல்ல. பல ஆண்டுகளாக முடிச்சு விழுந்த கழலையோடு வாழ்ந்த முதியவர்களுக்குத் திடீரென அயோடின் கிடைத்தால் சுரப்பி மிகையாகச் சுரந்துவிடுவது உண்டு. ஆனால் பிறக்கப்போகும் குழந்தைகளின் கணக்கு அதைவிடப் பெரிது. பிர்ஹரின் ஆர்காவ் மாநிலம் கடைசியாக 1952-இல்தான் ஒப்புக்கொண்டது. அதற்குள் மற்ற மாநிலங்களில் கிரெட்டினிசத்தோடு பிறக்கும் குழந்தைகள் அநேகமாக இல்லாமலாகியிருந்தார்கள்.

இந்தியாவில் காஷ்மீரிலிருந்து நாகாலாந்து வரை இமயமலை அடிவாரம் உலகின் பெரிய கழலைப் பகுதிகளில் ஒன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கில்கித்தில் பணியாற்றிய ராணுவ மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன், ஒரே வாய்க்காலில் தண்ணீர் குடிக்கும் ஊர்களில் மேட்டூரைவிடக் கீழூர்களில் கழலை மிகுந்து வருவதைக் கண்டார். தண்ணீரின் அழுக்கே காரணம் என்று கருதி, வடிகட்டிய வண்டலைத் தாமும் குடித்து, சம்மதித்த சிலருக்கும் கொடுத்தார். சிலருக்குக் கழுத்து வீங்கியது. அயோடின் பற்றாக்குறை உள்ள ஊரில் அழுக்கு நீர் நிலைமையை மோசமாக்கியிருக்கலாம். முழுக் காரணம் அதுவல்ல. பின்னர் அவர் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்துக்கு வந்து, எலிகளை வைத்து உணவுக்குறை நோய்களை ஆராய்ந்தார். முட்டைக்கோஸ் மிகுந்த உணவால் வரும் கழலையும் அங்கு ஆராயப்பட்டது. அந்தக் குன்னூர் ஆய்வகமே 1950-களின் இறுதியில் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

குன்னூரில் பணியாற்றிய இன்னொருவர் வுலிமிரி ராமலிங்கசாமி. பின்னர், 1956-இல் இமாசலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் மக்களிடையே பெரிய சோதனை ஒன்றைத் தம் குழுவோடு நடத்தினார். பகுதி மூன்றாகப் பிரிக்கப்பட்டது. ஒன்றுக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பு, மற்றொன்றுக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பு, நடுப்பகுதிக்கு வெறும் உப்பு. சில ஆண்டுகளில் முதல் இரண்டிலும் கழலை ஏறத்தாழப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இறங்கியது, நடுப்பகுதியில் இறங்கவில்லை. பிறகு அங்கும் அயோடின் உப்பே வழங்கப்பட்டது. ஈரமும் வெப்பமும் மிகுந்த நாட்டில், ஈரங்கசியும் உப்பில் அயோடைடு நிலைக்காது, அயோடேட் நிலைக்கும் என்பதால் இந்தியா அயோடேட்டையே வைத்துக்கொண்டது. 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. மலையடிவாரம் மட்டுமல்ல, சமவெளியிலும் குறைபாடு உண்டு என்று தெரிந்த பிறகு, 1980-களின் நடுவில் நாட்டின் சமையல் உப்பு முழுவதிலும் அயோடின் சேர்ப்பது கொள்கையாயிற்று.

வெறும் உப்பை உணவுக்கு விற்பதற்கு 1998-இல் நாடு தழுவிய தடை வந்தது, 2000-இல் விலக்கப்பட்டது, 2006-இல் மீண்டும் வந்தது. 1930-இல் உப்புக்காகத் தண்டி கடற்கரைக்கும் வேதாரண்யத்துக்கும் நடந்த நாட்டில், இன்ன உப்பைத்தான் விற்கலாம் என்று அரசு சொன்னால் சச்சரவு எழாமலிருக்குமா? இலங்கையில் கழலை மிகுந்திருந்தது தென்மேற்கின் மழைவளப் பகுதியில். அங்கும் உப்பில் அயோடின் சேர்க்க 1995-இல் சட்டம் வந்தது.

கடலோர மக்களுக்கு இது தேவையில்லை, கடலுப்பிலேயே அயோடின் இருக்கிறது என்ற பேச்சு தமிழ்நாட்டில் இன்னும் கேட்கிறது. கணக்கு அதற்கு இடம் தராது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பும் ஏறத்தாழ 60 மைக்ரோகிராம் அயோடினும் இருக்கின்றன. அத்தனையும் பாத்தியில் தங்கினாலும் ஒரு கிலோ உப்பில் இரண்டு மில்லிகிராம்கூடத் தேறாது. உண்மையில் தங்குவது அதைவிடக் குறைவு. வீட்டுக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்கிறது சட்டம். கடற்பாசி அயோடினைப் பிடித்துச் சேர்த்து வைக்கும். உப்பு அப்படிச் செய்யாது.

தூத்துக்குடி, ராமநாதபுரம், வேதாரண்யம் அளங்களின் உப்பைக் கொண்டு, குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிக உப்பு விளைவிப்பது தமிழ்நாடு. 2018-19-இல் நடந்த நாடு தழுவிய கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பை உண்ணும் வீடுகள் நாட்டின் சராசரியில் 76.3 சதவீதம். தமிழ்நாட்டில் 61.9 சதவீதம், மாநிலங்களின் வரிசையில் கடைசி.